இடம் இருந்தும் நிரம்பிய போன்கள்

2011க்கும் 2016க்கும் இடைப்பட்ட காலத்தை நினைத்தால், அருப்புக்கோட்டையிலும் அதை ஒட்டிய பாளையம்பட்டியிலும் அடிக்கடி காதில் விழுந்த ஒரு புலம்பல் நினைவுக்கு வருகிறது: “மெமரி ஃபுல்லுன்னே வருதுண்ணே.” கைத்தறி, விசைத்தறி, நூற்பாலை என்று நூலை நம்பிய ஊர்கள் இவை. ஷிப்டு முடிந்து வருகிறவரின் சட்டைப்பையில் இருந்தது விலை குறைந்த ஆண்ட்ராய்டு போன். அதற்குள் ஒரு மெமரி கார்டு. கார்டில் பாட்டு ஏற்றிக் கொடுப்பதே தொழிலாகக் கடைகள் நடந்த காலம் அது. கார்டில் பாதிக்கு மேல் காலியாகக் கிடக்கும்போதே போன் இடமில்லை என்று சொல்லும். கேட்டால் கடைக்காரர் சொல்லும் விளக்கம் ஒன்றுதான்: “போன் மெமரி வேற, கார்டு மெமரி வேற.” சொன்னது சரி. ஏன் வேறு, யார் வேறாக்கியது, இரண்டையும் சேர்க்க முடியுமா என்பதற்குத்தான் அதில் பதில் இல்லை. அந்த ஆண்டுகளை இப்போது எண்ணிப் பார்க்கையில் எனக்கு உறுதியாகத் தோன்றுவது இது: மலிவு போன்களில் இடப் பற்றாக்குறை என்று பெயர் பெற்றதில் பெரும்பகுதி, எல்லையைப் போட்ட இடத்தில் நேர்ந்த கோளாறு. எந்தச் சேமிப்பை எந்தப் பாதையில் பொருத்துவது என்று உற்பத்தியாளர் முன்கூட்டியே முடிவு செய்துவிட்டார். அந்த முடிவு ஊர்க்காரர் போனைப் பயன்படுத்திய விதத்துக்குப் பொருந்தவில்லை. போனை ரூட் செய்து, அதாவது கம்பெனி தராத முழு அதிகாரத்தை எடுத்துக்கொண்டு, அந்த முடிவைத் திருத்தியவர்களை விளையாட்டுப் பிள்ளைகள் என்று அப்போது பலரும் ஒதுக்கினார்கள். அவர்கள் செய்தது பழுதுபார்ப்பு என்றுதான் நான் சொல்வேன். அதற்குத் தர்க்கம் இருந்தது, விலையும் இருந்தது.

சாம்சங் கேலக்ஸி ஒய்யை எடுத்துக்கொள்வோம். 2011இல் வந்தது, பலருக்கு அதுதான் முதல் ஆண்ட்ராய்டு. ஆப் போட்டுக்கொள்ள அதில் இருந்த உள்சேமிப்பு சுமார் 180 எம்பி. கார்டு 32 ஜிபி வரை ஏற்கும். ஆனால் பதிவிறக்கும் ஆப், அந்த ஆப்பின் தரவு, ஆப் சீக்கிரம் திறப்பதற்காக ஆண்ட்ராய்டு தானே தயாரித்து வைத்துக்கொள்ளும் டால்விக் கேஷ், குறுஞ்செய்திகள், தொடர்பு எண்கள் எல்லாம் ‘டேட்டா’ என்ற ஒரே பார்ட்டிஷனுக்குள் (சேமிப்பில் பிரித்த பகுதி) அடங்கியாக வேண்டும். கம்பெனி போட்டுக் கொடுத்த ஆப்கள் ‘சிஸ்டம்’ என்ற வேறொரு பார்ட்டிஷனில் இருந்தன. ஆனால் அவற்றுக்கு அப்டேட் வந்தால் புதிய பதிப்பு டேட்டாவில் போய் உட்காரும், பழையது சிஸ்டத்தில் அப்படியே கிடக்கும். ஒரே ஆப் இரண்டு இடத்தைப் பிடித்துக்கொள்ளும். “நான் ஒண்ணுமே புதுசாப் போடலையே” என்றவர்களின் போனும் நாளாக நாளாக நிரம்பியதற்கு இது முக்கியக் காரணம். டேட்டாவில் காலியிடம் பத்தில் ஒரு பங்குக்குக் கீழே இறங்கினால் ஆண்ட்ராய்டு எச்சரிக்கத் தொடங்கும். 180 எம்பி போனில் அது 18 எம்பி. அந்தக் காலத்துப் பதிப்புகளில் இன்னொரு கொடுமை: இடம் மிகவும் குறைந்துவிட்டால் வருகிற குறுஞ்செய்தியையே போன் வாங்க மறுக்கும். ஒரு குறுஞ்செய்திக்கு ஆங்கிலத்தில் 160 எழுத்து, தமிழில் எழுதினால் 70. கார்டில் ஜிபி கணக்கில் காலியாக இருக்க, 70 எழுத்துக்கு இடமில்லை என்று ஒரு கருவி சொல்வதைப் பற்றாக்குறை என்று எப்படி அழைப்பது?

விண்டோஸில் பழகியவர்களுக்கு ஒவ்வொரு பார்ட்டிஷனும் சி, டி, இ என்று தனித்தனி எழுத்தோடு வரும். ஆண்ட்ராய்டின் அடியில் இருப்பது லினக்ஸ். லினக்ஸின் வழக்கம் யூனிக்ஸிலிருந்து வந்தது. பெல் ஆய்வுக்கூடத்தில் 1971 நவம்பரில் வெளியான யூனிக்ஸின் முதல் கையேட்டிலேயே மவுண்ட் என்ற கட்டளை இருக்கிறது. அங்கே எல்லா ஃபோல்டருக்கும் வேர் ஒன்றுதான். புதிதாக ஒரு வட்டைச் சேர்த்தால் ஏற்கெனவே இருக்கும் ஏதாவது ஒரு ஃபோல்டரின்மேல் அதைப் பொருத்துவார்கள். பொருத்திய இடம்தான் மவுண்ட் பாயிண்ட். ஆப்புக்கு அந்தப் பாதை மட்டுமே தெரியும். பின்னால் இருப்பது போர்டில் பற்றவைத்த சில்லா, கழற்றி மாட்டும் கார்டா என்பது தெரியாது. திருச்சுழி பக்கத்துக் கண்மாய் ஆயக்கட்டில் வெள்ளாமை செய்கிறவருக்கு இதைப் புரியவைக்க அதிகம் பேச வேண்டியதில்லை. வயலுக்குத் தெரிவது வாய்க்கால். வாய்க்காலின் தலைமாட்டில் இருப்பது மடை. கண்மாய் பெருகிக் கிடந்தாலும் மடை வேறு பக்கம் திறந்திருந்தால் கடைசி வயல் காயும். அப்போது கண்மாயைத் தூர்வாரி என்ன பயன்? போனில் எந்த மடை எந்த வாய்க்காலுக்கு என்பதைத் தொழிற்சாலையிலேயே எழுதிப் பூட்டியிருந்தார்கள். ‘படத்தை அழி, பாட்டை அழி, வாட்ஸ்அப்பை அழி’ என்று பயனருக்குச் சொல்லப்பட்ட அறிவுரையெல்லாம் தூர்வாரும் வகை.

உற்பத்தியாளர் காரணமில்லாமல் எல்லை போட்டார் என்று வாதிட மாட்டேன். கார்டைக் கணினியும் கேமராவும் படிக்க வேண்டும் என்பதால் அதில் ஃபேட்32 என்ற பழைய கோப்பு முறை இருந்தது. ‘இந்தக் கோப்பு இந்த ஆப்புக்கு உரியது, மற்றது தொடக் கூடாது’ என்று குறித்து வைக்க ஃபேட்டில் வழி கிடையாது. ஆண்ட்ராய்டின் பாதுகாப்போ ஒவ்வொரு ஆப்புக்கும் தனி எண் கொடுத்து, கோப்புகளை அந்த எண்ணின் பெயரில் பூட்டுவதில்தான் நிற்கிறது. 2010 மே மாதம் ஃப்ரோயோ எனப்பட்ட 2.2 பதிப்பு, ஆப்பைக் கார்டுக்கு நகர்த்த முதன்முதலாக அனுமதித்தது. அதற்காக ஆப்பை ஒரு பூட்டிய கொள்கலக் கோப்பாக்கிக் கார்டில் மறைவாக வைத்து, தேவைப்படும்போது தனியே மவுண்ட் செய்தது. அதிலும் ஆப்பின் உடல்தான் போகும். தரவும் டால்விக் கேஷும் டேட்டாவிலேயே தங்கிவிடும். கார்டுக்குப் போன ஆப்பின் விட்ஜெட் வேலை செய்யாது. போனை யுஎஸ்பி கேபிளில் மாட்டிக் கார்டைக் கணினிக்குக் கொடுத்தால், ஒரே ஃபேட் பார்ட்டிஷனில் இரண்டு பேர் எழுத முடியாது என்பதால் போன் கார்டை அன்மவுண்ட் செய்யும். நகர்த்திய ஆப்கள் கேபிளைப் பிடுங்கும்வரை காணாமல் போகும். அரைகுறைத் தீர்வு. முழுத் தீர்வு எது என்று கூகுளுக்குத் தெரிந்தே இருந்தது. 2011இல் ஹனிகோம்ப் டேப்லெட்டுகளிலும், அந்த ஆண்டின் கடைசியில் வந்த கேலக்ஸி நெக்சஸ் போனிலும் உள்சேமிப்பை இரண்டாகப் பிரிக்கவில்லை. டேட்டாவுக்குள்ளேயே ‘மீடியா’ என்று ஒரு ஃபோல்டர் வைத்து, அதையே எஸ்டிகார்டு என்ற பாதையில் காட்டினார்கள். கணினிக்குப் பார்ட்டிஷனை மொத்தமாகக் கொடுக்காமல் எம்டிபி என்ற கோப்புப் பரிமாற்ற முறை வழியாகக் கோப்புகளைக் கொடுத்தார்கள். பாட்டும் ஆப்பும் ஒரே இடத்தைப் பங்கிட்டுக்கொண்டன. எல்லைதான் கோளாறு என்ற என் வாதத்துக்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டியதில்லை: ஆண்ட்ராய்டை எழுதியவர்களே அந்த எல்லையை அழித்தார்கள். ஆனால் விலை கூடிய போனில் முதலில் அழித்தார்கள். 2012 நவம்பரில் வந்த மைக்ரோமேக்ஸ் கேன்வாஸ் 2இல் ஆண்ட்ராய்டு 4.0 இருந்தும், பெட்டியில் 4 ஜிபி என்று போட்டிருந்தும், உள்ளே பழையபடி ஆப்புக்கு ஒரு பார்ட்டிஷன், பாட்டுக்கு ஒரு ஃபேட் பார்ட்டிஷன்.

இந்த நிலையில் பயனர்கள் கையில் எடுத்த வழி, கார்டையே இரண்டாகப் பிரிப்பது. முதல் பகுதி ஃபேட்32, பாட்டுக்கும் படத்துக்கும். இரண்டாவது பகுதி லினக்ஸுக்கு உரிய எக்ஸ்ட்2 அல்லது எக்ஸ்ட்4, ஆப்புக்கு. கோப்பின் உரிமையாளர் எண்ணை எக்ஸ்ட் வகைகளில் எழுத முடியும் என்பதால் ஃபேட்டின் குறை அங்கே எழாது. இரண்டும் பிரைமரி பார்ட்டிஷனாக இருக்க வேண்டும். ஃபேட்தான் முதலில் வர வேண்டும், வரிசை மாறினால் போனும் கணினியும் ‘கார்டு காலி, ஃபார்மேட் செய்யவா’ என்று கேட்கும். பிறகு போனை ரூட் செய்து லிங்க்2எஸ்டி மாதிரி ஒரு ஆப்பைப் போட்டால், அது போன் எழும்போது ஓடுகிற ஒரு சின்ன ஸ்கிரிப்டை எழுதி வைக்கும். ஸ்கிரிப்ட் கார்டின் இரண்டாவது பகுதியை எடுத்து, டேட்டாவுக்குள் எஸ்டிஎக்ஸ்ட்2 என்ற ஃபோல்டரின்மேல் பொருத்தும். ஆப்பின் கோப்பு அங்கே போய்விடும்; பழைய இடத்தில் வழிகாட்ட ஒரு சிம்லிங்க் மட்டும் நிற்கும். ஆண்ட்ராய்டைப் பொறுத்தவரை ஒன்றுமே மாறவில்லை. 180 எம்பி போனில் ஒன்றிரண்டு ஜிபி ஆப் ஓடியது இப்படித்தான்.

கோளாறுகள் விளைந்ததும் இங்கேதான். பலர் கண்ட அறிகுறி, போனை அணைத்துப் போட்டால் ஆப்கள் பாதி காணாமல் போவது. கார்டு கெட்டுவிட்டது என்பார்கள், வைரஸ் என்பார்கள். பெரும்பாலும் நடந்தது வரிசைக் குழப்பம். போன் எழும்போது ஆண்ட்ராய்டு டேட்டாவில் உள்ள ஆப்களைக் கணக்கெடுக்கும். அதற்கு முன்பே கார்டின் இரண்டாவது பகுதி மவுண்ட் ஆகியிருக்க வேண்டும். கார்டை அடையாளம் காணச் சற்றுத் தாமதமானால் கணக்கெடுப்பு முந்திக்கொள்ளும். சிம்லிங்க் நிற்கும், அது காட்டும் திசையில் ஆள் இல்லை. ஆண்ட்ராய்டு அந்த ஆப்பைப் பட்டியலிலிருந்து விட்டுவிடும். முழு ரீபூட் செய்யாமல், ஆண்ட்ராய்டை மட்டும் மறுபடி எழுப்பும் குயிக் ரீபூட் கொடுத்தால் ஆப்கள் திரும்பி வந்துவிடுவது இதற்கு நிரூபணம்: கார்டு கெட்டிருந்தால் வந்திருக்காது. இரண்டாவது கோளாறு இதைவிடத் தந்திரமானது. மவுண்ட் தோற்றாலும் எஸ்டிஎக்ஸ்ட்2 என்ற ஃபோல்டர் அங்கே வெறும் ஃபோல்டராக இருக்கத்தான் செய்யும். அந்த நேரத்தில் அதில் எழுதப்படுவதெல்லாம் கார்டுக்குப் போகாமல் டேட்டாவிலேயே விழும். அடுத்த முறை மவுண்ட் சரியாக நடந்துவிட்டால் கார்டின் பகுதி அந்த ஃபோல்டரை மேலிருந்து மூடிக்கொள்ளும். அடியில் விழுந்த கோப்புகள் கண்ணுக்குத் தெரியாது, இடத்தை மட்டும் பிடித்துக்கொண்டிருக்கும். எல்லாவற்றையும் அழித்த பிறகும் டேட்டா நிரம்பியே இருக்கிறது என்று தலையைப் பிய்த்துக்கொண்டவர்களில் சிலருக்கு நடந்தது இதுவாகத்தான் இருக்கும். அன்மவுண்ட் செய்துவிட்டு அந்த ஃபோல்டருக்குள் பார்த்தால் போதும். மூன்றாவது, ‘நோ சச் டிவைஸ்’ என்று மவுண்ட் மறுப்பது. காரணம் பெரும்பாலும் போனின் கெர்னலுக்கு (இயங்குதளத்தின் மையப் பகுதி) எக்ஸ்ட்4 தெரியாது என்பதுதான். எக்ஸ்ட்2 என்று மாற்றிப் போட்டால் வேலை முடிந்தது. இந்த மூன்று கோளாறையும் கண்டுபிடிக்க ஒரே இடம் போதும். டெர்மினலைத் திறந்து மவுண்ட் என்று அடித்தால், எந்தப் பகுதி எந்தப் பாதையில் எந்தக் கோப்பு முறையில் நிற்கிறது என்பதைக் கெர்னல் வரிவரியாகச் சொல்லிவிடும். டிஎஃப் என்று அடித்தால் ஒவ்வொன்றிலும் எவ்வளவு காலி என்று தெரியும். திரையில் ஆப் காட்டும் செய்தி ஊகம். இந்த அட்டவணை வாக்குமூலம்.

போலிக் கார்டைத் தனியாகச் சொல்ல வேண்டும். வெளியே 16 ஜிபி என்று அச்சிட்டு, உள்ளே 4 ஜிபி மட்டும் வைத்து, கேட்டவர்களுக்கெல்லாம் 16 என்று பொய் சொல்லும்படி எழுதிய கார்டுகள் நம் சந்தைகளில் தாராளமாகப் புழங்கின. பாட்டு மட்டும் வைத்திருப்பவருக்கு 4 ஜிபி தாண்டும்வரை பொய் தெரியாது. கார்டைப் பிரித்தவருக்கோ முதல் நாளே அடி விழும். ஏனென்றால் எக்ஸ்ட் பகுதி கார்டின் பின்பக்கத்தில் வருகிறது, அதாவது இல்லாத இடத்தில். பிரிக்கும் மென்பொருள் ‘முடிந்தது’ என்று சொல்லும். ஆப்களும் போவது போலத் தெரியும். ரீபூட்டுக்குப் பிறகு ஒன்றும் இராது. ‘ரூட் பண்ணா போன் கெட்டுரும்’ என்ற ஊர்ப்பேச்சுக்கு இந்தப் போலிக் கார்டுகள் எவ்வளவு தீனி போட்டிருக்கும் என்று யோசிப்பதுண்டு. கார்டு முழுவதையும் எழுதிப் படித்துச் சோதிக்கும் எச்2டெஸ்ட்டபிள்யூ போன்ற இலவசக் கருவியை ஒருமுறை ஓட்டிப் பார்த்தவர்கள் இதிலிருந்து தப்பினார்கள்.

உள்ளே இரண்டு சேமிப்பு இருந்த மீடியாடெக் சில்லுப் போன்களில் வேறு வழி உண்டு: கார்டின் பாதையையும் உள் ஃபேட் பகுதியின் பாதையையும் ஒன்றுக்கொன்று மாற்றிவிடுவது. 4.2 பதிப்புவரை இதற்கென்று வோல்ட்.எஃப்எஸ்டேப் என்ற சிறிய கோப்பு சிஸ்டத்துக்குள் இருந்தது. எந்தச் சாதனம் எந்தப் பாதை என்று சில வரிகள். இரண்டு வரிகளில் பாதையின் பெயரை இடம் மாற்றினால், விளையாட்டுகளின் பெரிய தரவுக் கோப்புகளும் வாட்ஸ்அப் படங்களும் நேரே கார்டுக்குப் போகும். ஓர் எழுத்து பிழைத்தாலோ, கோப்பின் அனுமதி எண் 644 என்பதிலிருந்து மாறினாலோ இரண்டு சேமிப்பும் மவுண்ட் ஆகாது, கேலரி காலியாகும், வீட்டில் கலவரம். படங்கள் அழியவில்லை, பொருந்தவில்லை, அவ்வளவுதான். ஆனால் கடைக்குப் போனால் “சாஃப்ட்வேர் போடணும்” என்ற ஒரே மருந்து. சாஃப்ட்வேர் ஏற்றினால் சேமிப்பு முழுக்க ஃபார்மேட் ஆகும். பொருந்தாமல் இருந்த படங்கள் அப்போதுதான் உண்மையிலேயே அழியும். மவுண்ட் அட்டவணையைப் படிக்கத் தெரியாததற்குக் கொடுத்த விலைகளில் பெரியது இதுதான் என்பது என் எண்ணம். 4.2இல் ஒரே கருவியில் பல பயனர்கள் என்ற ஏற்பாடு வந்தபோது, முதல் பயனரின் கோப்புகள் ‘0’ என்ற ஃபோல்டருக்குள் போயின. பழைய ரிகவரியை (இயங்குதளத்தை ஏற்றும் தனிச் சிறு நிரல்) வைத்துக்கொண்டு புதிய ரோமை (இயங்குதளத் தொகுப்பு) மாற்றி மாற்றிப் போட்டவர்களுக்கு 0க்குள் 0, அதற்குள் இன்னொரு 0 என்று அடுக்கு முளைத்தது. படம் எங்கும் போகவில்லை. இரண்டு ஃபோல்டர் உள்ளே இருந்தது. இதற்கும் ஃபார்மேட் செய்தவர்கள் உண்டு.

இந்த வேலையெல்லாம் வசதிக்காகவும் பொழுதுபோக்குக்காகவும்தானே என்று கேட்பவர்களுக்குத் தமிழ் எழுத்தைச் சொல்வேன். 2.x பதிப்புப் போன்கள் பலவற்றில் தமிழ் கட்டம் கட்டமாகத்தான் தெரிந்தது. ஓபரா மினியில் ஓர் அமைப்பை மாற்றினால் எழுத்தைப் படமாக அனுப்பும். இணையப் பக்கத்தைப் படிக்கலாம், குறுஞ்செய்தியைப் படிக்க முடியாது. போன் முழுக்கத் தமிழ் தெரிய வேண்டுமானால் சிஸ்டம் பார்ட்டிஷனில் உள்ள எழுத்துரு கோப்பை மாற்ற வேண்டும். சிஸ்டம், படிக்க மட்டும் என்ற நிபந்தனையோடு மவுண்ட் ஆகியிருக்கும். அதை எழுதவும் கூடியதாக ரீமவுண்ட் செய்து, கோப்பை மாற்றி, அனுமதியைச் சரிசெய்து, பழையபடி படிக்க மட்டும் என்று ஆக்க வேண்டும். அப்படியும் கொம்பும் காலும் இடம் மாறித்தான் நிற்கும், ஏனென்றால் எழுத்துகளைச் சேர்த்துக் கோக்கும் பகுதி அந்தப் பதிப்புகளில் இல்லை. இருந்தாலும் கட்டத்தைவிட அது மேல். தாய்மொழியில் வந்த செய்தியைப் படிக்க ஒரு பார்ட்டிஷனை ரீமவுண்ட் செய்ய வேண்டியிருந்தது என்றால், எல்லை யாருக்கு ஏற்றபடி போடப்பட்டது என்பதை அதற்குமேல் விளக்க வேண்டுமா? இந்த வேலைக்குக் கருவி கிடைத்த விதமும் தமிழ்நாட்டுக்கே உரியது. 2011 செப்டம்பரில் தமிழக அரசு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் தொடக்க ஆண்டுகளில் வந்த கணினிகளில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. சென்னை சி-டாக் உருவாக்கி 2007இல் வெளியிட்ட இயங்குதளம் அது. பலரும் அதைத் திறந்தே பார்க்கவில்லை. ஆனால் விண்டோஸ் கண்டுகொள்ளாத எக்ஸ்ட் பகுதி அதில் சாதாரணமாகத் திறந்தது. இன்னொரு நன்மை பேட்டரி. 2012இல் சென்னைக்கு வெளியே மணிக்கணக்கில் மின்சாரம் போன நாட்களில், மேசைக்கணினியிலிருந்து போனுக்கு ரோம் ஏற்றும் ஃபிளாஷ் வேலை பாதியில் நின்றால் போன் செங்கல் போல உயிரற்றுப் போகும். மடிக்கணினி அந்த ஆபத்தைக் குறைத்தது.

எதிர்வாதங்களில் கனமானது பாதுகாப்பு. ரூட் செய்த போனில் எந்த ஆப்பும் கேட்டு வாங்கினால் எல்லாவற்றையும் தொடலாம். யார் கட்டியது என்றே தெரியாத ரோமை நம்புவது பெரிய துணிச்சல். வங்கி ஆப்கள் பின்னாளில் ரூட் செய்த போனில் ஓட மறுத்ததில் நியாயம் உண்டு. இதையெல்லாம் ஏற்கிறேன். ஆனால் இரண்டாவது பார்ட்டிஷனை மவுண்ட் செய்ய ரூட் தேவைப்பட்டது, உற்பத்தியாளர் அதற்கு வேறு கதவு வைக்காததால்தான். 2015இல் மார்ஷ்மெல்லோ எனப்பட்ட 6.0 வந்தபோது கூகுளே அந்தக் கதவைத் திறந்தது: கார்டைப் போன் தத்தெடுத்து, குறியாக்கம் செய்து, ஆப் வைக்கும் இடமாக மவுண்ட் செய்துகொள்ளும். ரூட் வேண்டாம். பயனர்கள் ஆண்டுக்கணக்காக ஸ்கிரிப்டில் செய்ததை இயங்குதளமே செய்தது. அதாவது, கேட்டது தவறான கேள்வி அல்ல. 2016இல் சாம்சங் தன் எஸ்7இல் இந்த வசதியைத் தராமல் விட்டது வேறு கதை. அங்கே உள்சேமிப்பு 32 ஜிபியில் தொடங்கியது, மலிவு போனின் கணக்கு வேறு. கார்டு மெதுவானது, சீக்கிரம் செத்துப்போகும் என்பது அடுத்த வாதம். கிளாஸ் 4 என்ற முத்திரை, தொடர்ச்சியாக எழுதும்போது நொடிக்கு 4 எம்பி என்பதற்கு மட்டும் உத்தரவாதம். ஆப்களுக்குத் தேவையான சிதறிய சிறு எழுதல்களுக்கு அது ஒன்றும் சொல்லாது. அதனால் பிரித்த கார்டில் ஆப்கள் தடுமாறியது உண்மை. ஆனால் இதே காரணத்தால் 2016 நவம்பரில் எஸ்டி சங்கம் ஏ1 என்ற புதிய தரத்தை அறிவித்தது: நொடிக்கு 1500 சிதறிய வாசிப்பு, 500 சிதறிய எழுதல். கார்டில் ஆப் ஓட்டுவது முட்டாள்தனம் என்றால் அதற்கென்று ஒரு தரம் பிறந்திருக்காது. கார்டு சாகும் என்பதற்கு மட்டும் என்னிடம் மறுமொழி இல்லை. தத்தெடுத்த கார்டிலும் அந்த ஆபத்து தொடர்ந்தது, கூடவே ஒன்று சேர்ந்தது: குறியாக்கச் சாவி போனில் இருப்பதால், போனை ஃபேக்டரி ரீசெட் செய்தால் கார்டில் உள்ளதை எவராலும் படிக்க முடியாது. பழைய எக்ஸ்ட் பகுதிக்கு அந்தச் சிக்கல் கிடையாது.

பழியைப் பயனர்மேல் போடும் பழக்கம் மட்டும் மாறவில்லை. 2018 ஜனவரியில் அமெரிக்காவின் வால் ஸ்ட்ரீட் ஜர்னல், இந்தியர்கள் அனுப்பும் காலை வணக்கப் படங்கள் போன்களை நிரப்பித் திணறவைக்கின்றன என்று எழுதியது. இந்தியாவில் ஸ்மார்ட்போன் பயனர்களில் மூன்றில் ஒருவருக்குத் தினமும் போனில் இடம் தீர்ந்துபோகிறது, அமெரிக்காவில் பத்தில் ஒருவருக்கு என்று சேமிப்புக் கருவி செய்யும் வெஸ்டர்ன் டிஜிட்டல் சொன்ன கணக்கும் அதில் இருந்தது. ரோஜாப்பூவும் விளக்கும் போட்ட அந்தப் படங்களைக் கேலி செய்வது சுலபம். மூன்றில் ஒருவர், பத்தில் ஒருவர் என்ற வித்தியாசத்தைப் பூப்படம் மட்டும் உண்டாக்கியிருக்குமா? எப்படிப்பட்ட போன்கள் எந்தச் சந்தைக்கு விற்கப்பட்டன என்பதற்கும் அதில் பங்கு உண்டு. 2014 செப்டம்பரில் கூகுள் இந்தியாவில் தொடங்கிய ஆண்ட்ராய்டு ஒன் வரிசையின் முதல் போன்களிலும் உள்சேமிப்பு 4 ஜிபிதான். இயங்குதளம் தன் பங்கை எடுத்த பிறகு மிஞ்சுவது அதிலும் குறைவு. படத்தை அழிக்கச் சொல்லும் அறிவுரை அங்கேயும் முன்னால் வந்து நின்றது.

இன்று மலிவு போனிலும் 64, 128 ஜிபி. ஜியோ 2016 செப்டம்பரில் வந்த பிறகு பாட்டு ஏற்றும் கடைகள் மெல்ல மறைந்தன. 10 பதிப்பிலிருந்து ஆண்ட்ராய்டின் பார்ட்டிஷன் முறையே மாறி, சிஸ்டம் பகுதிகள் ஒரே பெரிய பகுதிக்குள் தேவைக்கேற்ப அளவு மாறும்படி ஆகிவிட்டன. ஆகவே இந்த அறிவு செல்லாக்காசு என்று சொல்பவர்கள் உண்டு. போனுக்கு அப்படியே இருக்கலாம். ஆனால் அந்தக் காலத்தில் பிரித்த கார்டுகள் வீடுகளில் இன்னும் கிடக்கின்றன. குழந்தையின் முதல் பிறந்தநாள் படம் இருக்கிறதா என்று பார்க்க யாராவது ஒருநாள் அதைக் கார்டு ரீடரில் செருகத்தான் போகிறார்கள். விண்டோஸ் 10இன் பின்னாள் பதிப்புகளும் 11உம் கார்டின் இரண்டு பகுதிகளையும் காட்டும். இரண்டாவதை விண்டோஸால் படிக்க முடியாது, ஃபார்மேட் செய்யவா என்று கேட்கும். வேண்டாம் என்று அழுத்த வேண்டும். அந்தப் பகுதியில் இருப்பவை பழைய ஆப்களின் கோப்புகள். படங்கள் முதல் பகுதியான ஃபேட்டில், டிசிஐஎம் என்ற ஃபோல்டருக்குள் இருக்கும். வாட்ஸ்அப்பில் வந்தவை வாட்ஸ்அப் ஃபோல்டருக்குள். அங்கே இல்லையென்றால் 0 என்ற பெயரில் ஏதாவது ஃபோல்டர் இருக்கிறதா என்று பார்க்கலாம். முதல் பகுதியே திறக்கவில்லை என்றால் மட்டும் லினக்ஸ் உள்ள கணினியில் செருகி, மவுண்ட் செய்யாமலே கார்டின் முழு நகலை எடுத்துவிட்டு, மீட்கும் வேலையை நகலில் செய்ய வேண்டும்.